கோல்ஃப், கோட்டை, புதன்கிழமை ராகுகாலம்

மொன்றியலில் என்னுடைய அன்றாட வேலை நேற்றுத் தோண்டிய குழியை மூடுவதில் தொடங்கும். அதை மூடியபிறகு பத்தடி தள்ளி இன்னொரு குழி தோண்டுவேன். கோடைகாலத்தில் காலை ஐந்து மணிக்கு, ஈரம் காயாத புல்லில் முழங்காலிட்டு, பதினொரு வருடங்களாக இதைத்தான் செய்துவந்தேன். கோல்ஃப் திடலில் பந்து கடைசியாகப் போய் விழும் குழியைச் சொல்கிறேன். அது ஒரே இடத்தில் இருந்தால் சுற்றி நிற்பவர்களின் கால் பட்டுப் புல் செத்துவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் குழி இடம் மாறவேண்டும். ஒரு திடலுக்குப் பதினெட்டுக் குழிகள். ஆட்டக்காரர்கள் வரும்போது நேற்றைய குழி இருந்த அடையாளமே தெரியக்கூடாது. யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், நான் தோண்டிய குழிகளுக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. தூண் நட, வாழை வைக்க, பிற்பாடு ஷெல் குண்டுக்கு ஒளிக்க. இங்கே நான் தோண்டுவது, வசதியான மனிதர்கள் ஒரு சின்ன வெள்ளைப் பந்தைத் தொலைவிலிருந்து அடித்து அடித்துக் கொண்டுவந்து அதற்குள் போட்டு, உடனே குனிந்து வெளியே எடுப்பதற்காக. வேலை கிடைத்த புதிதில் என் மனைவி தவத்துக்கு இதை விளங்கப்படுத்த இரண்டு நாள் பிடித்தது. “எடுக்கிறதுக்கு ஏனப்பா போடுவான்?” என்று கேட்டாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லொறியில் உதவியாளாகப் போனேன், கப்பலில் துரு சுரண்டினேன், பேர்லினிலும் பாரிஸிலும் கோப்பை கழுவினேன். மொன்றியலுக்கு வந்தபிறகு மீன் பெட்டி அடுக்கி, கோழி வெட்டி, உறைபனியில் கார் கழுவி, ஒன்றிலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. கோல்ஃப் திடல் மட்டும் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. லாசாலில் உள்ள எங்கள் அடுக்குமாடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் முக்கால் மணி நேரம். நவம்பரில் திடலை மூடுவார்கள். குளிர்காலத்தில் பனி அள்ளுவேன், ஏப்ரலில் திரும்பப் போவேன். அந்த வேலையில் நான் நிலைத்து நின்றதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

எண்பதுகளின் நடுவில் லண்டன் விமான நிலையத்தில் வேறொருவனின் கடவுச்சீட்டோடு இறங்கினேன். ஏன் வந்தாய் என்று கேட்டார்கள். கணக்கியல் படிக்க வந்தேன் என்று சொல்லும்படி ஏஜென்ட் பாடமாக்கித் தந்திருந்தான். கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு எடுத்தவன் அதை எவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? இரண்டு நாள் ஓர் அறையில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வான் வண்டியில் ஏற்றி விமான நிலையத்துக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் கம்பி போட்ட ஜன்னலால் ஒரு பச்சை வெளியைக் கண்டேன். நாலு மனிதர்கள் கையில் கோலோடு ஆறுதலாக நடந்துபோனார்கள். மேய்க்க ஆடும் இல்லை, மாடும் இல்லை. ஒருவருக்கும் எங்கும் போகவேண்டிய அவசரம் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த காவலாளி அதுதான் கோல்ஃப் என்றான். நான் அந்த நாட்டில் கண்ட ஒரே காட்சி அது. அடுத்த மூன்று மணி நேரத்தில் என்னைத் திரும்பவும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

இதை எழுதுவது ஒப்பாரி வைப்பதற்காக அல்ல. எங்கள் ஆட்களில் பாதிப்பேரிடம் இதைவிடப் பெரிய கதைகள் உண்டு. நான் சொல்லவருவது, அன்றிலிருந்து எனக்குள் இருந்த ஓர் ஆசையைப் பற்றி. ஒரு நாட்டுக்குச் சும்மா போகவேண்டும். நான் கடந்த ஒவ்வொரு எல்லையிலும் ஒரு காரணம் சொல்லியிருக்கிறேன். பாதி பொய், பாதி உண்மை. தஞ்சம், வேலை, கல்யாணவீடு, செத்தவீடு. எங்கள் சனம் விடுமுறை என்று சொல்வதும் இதுதான். ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, அங்கிருந்து இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போவது. ஒருவரையும் பார்க்கத் தேவையில்லாத ஓர் இடத்துக்கு, ஒரு தேவையும் இல்லாமல், முன்வாசலால் போய் வரவேண்டும். அதுவும் என்னைத் திருப்பி அனுப்பிய பிரிட்டனுக்கே போகவேண்டும். கனடாக் கடவுச்சீட்டு கையில் வந்து மூன்றாம் வருடம் அந்த ஆசையைத் தவத்திடம் சொன்னேன். “ஸ்கொட்லாந்துக்குப் போய் கோல்ஃப் விளையாடப் போறன். நீரும் வாறீரோ?”

தவம் ஷபனேல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைக்கு ஸிப் வைக்கிறவள். ஆனால் அவள் என்னைப்போல் அரைகுறை அல்ல. உயர்தர வகுப்பில் வரலாறு படித்தவள். போரால் இடம்பெயர்ந்து இயங்கிய பள்ளிக்கூடத்தில் ஐரோப்பிய அரசர்களை வரிசையாகப் பாடமாக்கியவள். பரீட்சை எழுதியதோடு அந்தப் படிப்பு முடிந்துபோனது. இரண்டு நாள் கழித்து நூலகத்திலிருந்து பிரெஞ்சில் ஒரு படப்புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். எல்லாம் கோட்டைகள். “உங்களுக்குப் பந்து, எனக்கு இது. பந்துக்கு ஒருநாள், மிச்ச நாளெல்லாம் கோட்டைக்கு” என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த மேசையில் அதற்குமுன் இருவர் சேர்ந்து எதையும் ஆசையாகத் திட்டமிட்டதாக எனக்கு நினைவில்லை.

லண்டனில் இருக்கும் என் அக்காவுக்குச் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்தது. அந்த வருடம் ஊரில் சமாதானப் பேச்சு நடந்து, பாதை திறந்து, உலகமெல்லாம் இருந்த எங்கள் சனம் யாழ்ப்பாணம் பார்க்கப் போய்க்கொண்டிருந்த காலம். அக்கா தொலைபேசியில் வணக்கம்கூடச் சொல்லாமல் தொடங்கினாள்.

“டேய், ஸ்கொட்லாந்திலை எங்களுக்கு ஆரடா இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை அக்கா.”

“பின்னை என்னத்துக்குப் போறாய்?”

“ஒருத்தரும் இல்லாதபடியால்தான்.”

“உனக்கு விசரே? சனமெல்லாம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகுது. நாங்களும் போறம். நீ துரைமாரோடை பந்தடிக்கப் போறாய். இஞ்சை லண்டனிலை என்ரை வீட்டைத் தாண்டிப் போவியாம், உள்ளை வரமாட்டியாம். நாளைக்கு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“நாங்கள் லண்டனுக்கு வரேல்லை அக்கா. ரொறன்ரோவிலை மாறி நேரை கிளாஸ்கோ. சரி, ஊருக்குப் போறியள். எங்கட வீட்டுக்குப் போக விடுவினமோ?”

எங்கள் வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தது. சமாதானம் வந்தும் அந்தப் பக்கம் திறக்கப்படவில்லை. “வீட்டுக்கு விடமாட்டினம். கம்பிக்கு இஞ்சாலை நிண்டு பாக்கலாமாம். எங்கட தண்ணித்தாங்கி தெரியுதாம்” என்றாள் அக்கா.

“கம்பிக்கு வெளியிலை நிண்டு பாக்கிற பயணம் எனக்கு வேண்டாம் அக்கா. கனக்கப் பாத்திட்டன்.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு நாலு மாதம் எடுக்கவில்லை.

அடுத்த தடை என் முதலாளி ரெஜான். திடலின் புல்லுக்கெல்லாம் பொறுப்பானவர். கியூபெக்காரர், பெரிய வயிறு, சின்ன நாய், கோபம் வந்தால் தேவாலயச் சாமான்களின் பெயரெல்லாம் வசையாக வாயில் வரும். கோடைகாலத்தில் கோல்ஃப் திடல் வேலையாள் விடுமுறை கேட்பது, திருவிழா நடுவில் தேர் இழுப்பவன் நான் கொஞ்சம் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்பதைப் போல. என் பிரெஞ்சு, மண்வெட்டிக்கும் உரத்துக்கும் போதுமானது. அதைத் தாண்டி நான் எதையும் சொன்னதில்லை. ஆகவே, “ஜூன் கடைசி, பத்து நாள், ஸ்கொட்லாந்து, கோல்ஃப்” என்று மட்டும் சொன்னேன். ரெஜானின் முகம் விழுந்துபோனது. நாயைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை, ஒருவரையும் தொடவிடாமல் அவர் வைத்திருந்த புதுப் புல்வெட்டி இயந்திரத்தின் சாவியை என் கையில் வைத்தார். அதற்கடுத்த நாள் என் அலுமாரியில் பெயர் ஒட்டியிருந்தது. பதினொரு வருடமாக இல்லாத பெயர். மூன்றாம் நாள்தான் அவர் வாயைத் திறந்து கேட்டார், “அவங்கள் உனக்கு என்ன வேலை தருகிறாங்கள்?” நான் அங்கே வேலைக்குப் போகிறேன் என்று மனிதர் நினைத்துவிட்டார்.

வேலை இல்லை, விளையாடப் போகிறேன் என்று கையால் அடித்துக் காட்டினேன். ரெஜான் அந்தச் சின்ன நாயைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நாய் பயந்து குரைத்தது. “நீ களைப்பாற கோல்ஃப் திடலுக்குப் போகிறாய். பிறகு அந்தக் களைப்பை ஆற்ற எங்கே போவாய்? இங்கேயா?” என்றார். ஸ்கொட்லாந்துக் கடலோரத் திடல்களைப் பற்றி வாழ்நாள் முழுவதும் படித்தவர், ஒருநாளும் போனதில்லை. தரமான ஆட்டக்காரன் என்ற சான்றிதழ் இல்லாமல் அங்கே விடமாட்டார்கள் என்று சொல்லி, அவரே ஒரு கடிதம் எழுதித் தந்தார். நாங்கள் வேலையாட்கள் திங்கள் மாலைகளில் இரவல் மட்டையோடு ஆடுவோம். அதை அவர் கவனித்திருக்கிறார் என்பது அந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. “போ. ஆனால் அவங்கள் புல்லை எப்படி வைத்திருக்கிறாங்கள் என்று பார்த்துவந்து சொல். செ கொரெக்ட்?” என்றார். அவர்கள் பிரெஞ்சில் ‘சரிதானே’ என்பது அது. நானும் செ கொரெக்ட் என்றேன்.

இனித்தான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை வருகிறது. பெரிய பெயருள்ள திடல்கள் எங்களுக்கு எட்டாது. கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊரில், கடலை ஒட்டி, பக்கத்திலேயே ஓர் உடைந்த கோட்டையும் உள்ள ஒரு திடலைத் தவம்தான் புத்தகத்தில் கண்டுபிடித்தாள். நான் தொலைபேசி எடுத்து, அதன் காரியதரிசி ஆர்ச்சி என்பவரிடம் ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு ஆட்டம் பதிந்தேன். இங்கே கோல்ஃபில் நினைத்த நேரத்துக்குத் தொடங்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு குழுவாக, நேரம் குறித்துத்தான் விடுவார்கள். அன்று வேலையால் வந்த தவம் குசினிச் சுவரில் தொங்கிய தமிழ்க்கடை நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“புதன்கிழமை பன்னிரண்டு தொடக்கம் ஒண்டரை ராகுகாலமெல்லோ? இஞ்சாருங்கோ, வாழ்க்கையிலை ஒருக்காப் போறம். அதையும் ராகுகாலத்திலை தொடங்கப் போறியளோ?”

“பந்தடிக்கிறதுக்கும் ராகுகாலம் பாக்கிறதே?”

“நீங்கள் முந்தி லண்டனுக்கு வெளிக்கிட்டது என்ன நேரம்? பாத்தனீங்களோ?”

ஆர்ச்சியைத் திரும்பத் தொலைபேசியில் எடுத்து, ஒன்றரைக்குப் பிறகு வேண்டும் என்று கேட்டேன். “பிரச்சினை இல்லை, ஒன்று நாற்பது” என்று மாற்றித் தந்தார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் தவம் தைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குள் இருந்த உயர்தர மாணவி விழித்துவிட்டாள். ராகுகாலம் என்பது மணிக்கூட்டுக் கணக்கு அல்ல, சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து வருவது. நாட்காட்டியில் உள்ளது, ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் எங்கள் ஊர்ச் சூரியனுக்கு. ஜூன் மாதம் ஸ்கொட்லாந்தில் சூரியன் எத்தனைக்கு வரும்? எனக்கென்ன தெரியும்? மூன்றாம் தடவை ஆர்ச்சியை எடுத்தேன்.

“உங்கள் ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும்?”

“நாலரை. ஆனால் அந்த நேரத்தில் உங்களை விட முடியாது, புல் வெட்டுகிறவர்கள் நிற்பார்கள்.”

“மறைவது?”

“பத்து. ஐயா, நீங்கள் என்ன, மீன் பிடிக்கவும் போகிறீர்களா?”

தவம் ஒரு விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் பதினேழரை மணி நேரத்தை எட்டால் பிரித்தாள். ஒரு பங்கு இரண்டு மணி பதினொரு நிமிடம். புதன்கிழமைக்கு ஐந்தாம் பங்கு. ஒன்றேகால் தொடக்கம் ஏறக்குறைய மூன்றரை வரை. அதாவது நான் முதலில் பதிந்த பன்னிரண்டு நாற்பது நல்ல நேரம். கெஞ்சி மாற்றிய ஒன்று நாற்பதுதான் சரியாக ராகுவின் வாய்க்குள் இருந்தது. நான் பென்சிலைப் பார்த்தேன், தவம் என்னைப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்தோம். அப்படிச் சிரித்து எத்தனையோ காலம். நாலாம் தடவை எடுத்தபோது ஆர்ச்சி என் குரலிலேயே ஆளைப் பிடித்துவிட்டார். பன்னிரண்டு நாற்பதை ஏற்கனவே நாலு பல் வைத்தியர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். மூன்று ஐம்பது இருக்கிறது, அது தன் கந்தோர் வேலை முடிந்து தானே ஆடும் நேரம், விரும்பினால் சேர்ந்து ஆடலாம் என்றார். பிறகு மெதுவாக, “தவறாக நினைக்காதீர்கள், இது என்ன?” என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் வரும் ஒரு கெட்ட நேரம், அதில் எதைத் தொடங்கினாலும் உருப்படாது என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். “ஓ, எங்களிடமும் இருக்கிறது. நாங்கள் அதைக் கமிட்டிக் கூட்டம் என்போம்” என்றார் ஆர்ச்சி.

கிளாஸ்கோவில் குடிவரவு வரிசையில் நின்றபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பழைய பதிவு வேறொருவன் பெயரில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்றாலும் என் கையில் ஒரு தடித்த கோப்பு. ரெஜானின் கடிதம், வேலைக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், திரும்பும் ரிக்கெற், தங்குமிடப் பதிவு, கல்யாணப் பதிவு, அதன் மொழிபெயர்ப்பு என்று, ஒரு காரணமும் இல்லாமல் போகிறேன் என்பதை நிரூபிக்க என்னென்ன வேண்டுமோ அவ்வளவும். மேசையில் இருந்தவள் ஐம்பது வயதுப் பெண். ஏன் வந்தீர்கள் என்று கேட்டாள். “கோல்ஃப். கோட்டை” என்றேன். அதுவே முழு உண்மை. ஓர் எல்லையில் நான் சொன்ன முதல் முழு உண்மை. கேட்காமலே கோப்பைத் திறந்து கடதாசிகளைப் பரப்பத் தொடங்கினேன். அவள் ஒரு விரலால் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டு, ஆர்ச்சி அனுப்பிய ஃபக்ஸை மட்டும் இழுத்துப் பார்த்தாள்.

“மூன்று ஐம்பதா? நல்ல நேரம். அந்தக் கரையில் பின்னேரம்தான் காற்று அடங்கும்.”

தவத்திடம் திரும்பி, “நல்ல நேரமாம்” என்றேன்.

“அது எனக்குத் தெரியும்” என்றாள் தவம்.

டக் என்று முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் உங்களுக்கு எழுத்தில் தர முடியாது. வெளியே வந்து ஒரு மர வாங்கில் உட்கார்ந்தேன். தவம் கோப்பை என் கையிலிருந்து வாங்கித் தன் பையின் அடியில் வைத்தாள். பத்து நாளும் அதை வெளியே எடுக்கவில்லை.

முதல் நாட்கள் தவத்தின் கோட்டைகள். அவள் அரசர்களின் பெயர்களை வழிகாட்டிக்கு முன்பே சொல்லிக்கொண்டு போனாள். தமிழ் உச்சரிப்பில் வந்த தன் நாட்டு ராணிகளை அடையாளம் காண அந்த மனிதருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் பிடித்தது. பிறகு தலையாட்டினார். கடைசியில் குழுவில் இருந்த மற்றவர்கள் அவரை விட்டு அவளிடம் கேள்வி கேட்டார்கள். ஒரு பெரிய கோட்டைச் சுவரில் பீரங்கிக் குண்டு பட்ட பள்ளங்களைக் காட்டி, நானூறு வருடப் பழமை என்று அவர் பெருமையாகச் சொன்னார். தவம் ஒரு பள்ளத்துக்குள் கையை விட்டு அளந்து பார்த்தாள். “எங்கட வீட்டுச் சுவரிலை இதைவிடப் பெரிசு கிடக்கு. அதுக்கு ஒருத்தரும் ரிக்கெற் விக்கேல்லை” என்று என்னிடம் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். வழிகாட்டி எங்களைப் பார்த்து, தன் பகிடி ஏதோ எடுபட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

புதன்கிழமை ஒன்றேகாலுக்கு வானம் உடைந்தது. நாங்கள் திடலின் சிற்றுண்டிச்சாலையில் இருந்து ஜன்னலால் பார்த்தோம். பல் வைத்தியர்கள் நால்வரும் தொப்பலாக நனைந்து, குடை முறிந்து, பாதியில் திரும்பி வந்தார்கள். மூன்றரைக்கு மழை நின்றது. மூன்று நாற்பத்தைந்துக்கு வெயில் வந்தது. ஆர்ச்சி என்பவர் ஒல்லியான, சிவந்த காதுகள் உள்ள கிழவர். வானத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், தவத்தைப் பார்த்தார். “அம்மா, மற்ற நாட்களுக்கும் எழுதித் தருவீர்களா?” என்று கேட்டார். தவம் அங்கேயே ஒரு தாளில் திங்கள் தொடக்கம் ஞாயிறு வரை எழுதிக் கொடுத்தாள். அவர் அதை, ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்த அறிவித்தல் பலகையில், கடல் வற்றுப்பெருக்கு அட்டவணைக்குப் பக்கத்தில் குத்திவிட்டார். பகிடிக்குத்தான் செய்தார் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து வந்த தபாலட்டையில், இலையுதிர் காலத்துக்கு வேறு கணக்கா என்று கேட்டு எழுதியிருந்தார்.

என் முதல் அடி முட்புதருக்குள் போனது. அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது பந்தும் அதைத் தேடிப் போனது. தவம் பஞ்சாபி உடுப்புக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் மட்டை வண்டியுமாக, “அவசரப்படாதேங்கோ, ஒருத்தரும் துரத்தேல்லை” என்றாள். அந்தச் சொல்லோடு எனக்குள் ஏதோ இளகியது. நடந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல்மேடு, காலுக்குக் கீழே குட்டையான, கம்பி போன்ற புல். அவர்கள் அதற்குத் தண்ணீரே விடுவதில்லை. ரெஜானுக்குச் சொல்லவேண்டும் என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். ஒன்பதாம் குழியில் தவம் தங்குமிடத்துக் குசினியைக் கேட்டு வாங்கிச் பொரித்த, உறைப்புக் கறி வைத்த ரோல்ஸை எடுத்தாள். ஆர்ச்சி முதல் கடியில் காது இன்னும் சிவந்து, கண்ணால் தண்ணீர் விட்டு, நாலு சாப்பிட்டார். முன்னே போன ஆட்டக்காரர்கள் புல்லில் விட்ட பள்ளங்களை நான் பழக்கத்தில் நிரப்பிக்கொண்டு வந்ததைக் கண்டு, நாலாம் குழியிலேயே என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பிறகு அவர் என்னிடம் பேசிய விதம் மாறியது. விருந்தாளியோடு பேசுவதை விட்டு, தன் திடலின் நோய்களைச் சொல்லத் தொடங்கினார்.

பதினெட்டாம் குழிக்குப் பக்கத்தில் பந்து வந்து நின்றபோது அட்டையில் மொத்தம் தொண்ணூற்றேழு அடிகள்; கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் பெருமை. இரண்டு அடியில் முடித்தால் தொண்ணூற்றொன்பது. நூறைத் தாண்டக்கூடாது என்பதுதான் நான் லாசாலிலேயே எனக்கு வைத்துக்கொண்ட எல்லை. பந்திலிருந்து குழிக்கு இருபது காலடி இருக்கும். இடதுபக்கம் பார்த்து அடி என்றார் ஆர்ச்சி, நாற்பது வருடமாக அங்கே ஆடுபவர். நான் முழங்காலிட்டேன். அந்த உயரத்திலிருந்துதான் எனக்குப் புல்லைத் தெரியும். புல் இடதுபுறத்தில் இருந்த கடல் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தது. குழியின் விளிம்பைப் பார்த்தேன், சுத்தமான வெட்டு, ஒரு நார்கூடத் தொங்கவில்லை. அன்று காலை ஒருவன் மனம் வைத்துத் தோண்டியிருந்தான். வலதுபக்கம் பார்த்து அடித்தேன். பந்து மேட்டில் ஏறி, நிற்பதுபோலப் போக்குக் காட்டி, கடலை நினைத்து மெல்லத் திரும்பி, குழிக்குள் போனது. ஒரே அடி. தொண்ணூற்றெட்டு. ஆர்ச்சி தொப்பியைக் கழற்றினார். தவம் குடையை எறிந்துவிட்டுக் கை தட்டினாள். நான் குனிந்து பந்தை எடுத்தபோது, எடுக்கிறதுக்கு ஏன் போடுவான் என்று அவள் கேட்கவில்லை.

மணி எட்டாகியும் வெயில் இருந்தது. ஆர்ச்சி ஒரு பெரிய சாவியோடு வந்து, திடலின் ஓரத்தில் இருந்த அந்த உடைந்த கோட்டைக்கு எங்களைக் கூட்டிப்போனார். வழமையில் ஐந்து மணிக்குப் பூட்டுவார்களாம், அன்று எங்களுக்காகத் திறந்தார். நாலு சுவர், ஒரு பாதிக் கோபுரம், மேலே வானம். தரையெல்லாம் புல் முளைத்திருந்தது. கதவில்லாத ஒரு வாசலைக் காட்டி, இதுதான் குடும்பம் புழங்கிய அறை என்றார். தவம் அந்த வாசலில் நின்றாள். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். நானும் கழற்றினேன்.

“தரை ஈரம்” என்றார் ஆர்ச்சி.

“வீடுதானே” என்றாள் தவம் அவளுடைய ஆங்கிலத்தில். அவர் தன் சேறு பிடித்த சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார்.

அந்தக் குடும்பம் இப்போது எங்கே என்று தவம் கேட்டாள். போய் இருநூறு வருடமாகிவிட்டது என்றார் ஆர்ச்சி. நிலம் போய், எல்லாம் போய், கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்களாம். “மொன்றியல் என்றுதான் கேள்வி. பேரப்பிள்ளைகள் அங்கே எங்கேயோ இருப்பார்கள்.”

தவம் சுவரில் கையை வைத்தபடி நின்றாள். “விலாசம் இருந்தால் தாருங்கள். நாங்கள் போய்ச் சொல்கிறோம், சுவர் இன்னும் நிற்கிறது என்று.”

ஆர்ச்சி சிரித்தார். தவம் சிரிக்கவில்லை. அவள் கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது கடல் பக்கமிருந்து தூறல் வந்தது. எனக்கு வெறுங்காலுக்குக் கீழே புல் குளிர்ந்தது, நெஞ்சுக்குள் மட்டும் இன்னும் தொண்ணூற்றெட்டு என்று அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஒதுங்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை, கூரை இல்லாவிட்டாலும் நாங்கள் வீட்டுக்கு உள்ளேதான் நின்றோம். உள்ளே நின்ற நாங்களும் நனைந்தோம், வாசலுக்கு வெளியே விட்ட சப்பாத்துகளும் நனைந்தன.